வர்ஜீனியாவின் சிற்றூர்களில் மண்டல அனுமதியும் கட்டட அனுமதியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையிலுள்ள வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு சிற்றூரின் எல்லைக்குள் வீடோ கடையோ எழுப்ப விரும்புபவர் பொதுவாக இரண்டு அனுமதிகளைப் பெற வேண்டும். குறிப்பிட்ட மனையில் அக்கட்டடம் எந்த இடத்தில் நிற்கலாம், எவ்வளவு உயரலாம், எதற்குப் பயன்படலாம் என்பவற்றை ஆராய்ந்து தரப்படுவது மண்டல அனுமதி. கட்டடம் சுமையைத் தாங்குமா, தீப்பிடித்தால் உள்ளிருப்போர் வெளியேற வழி உண்டா, மின்கம்பியும் குழாயும் முறைப்படி அமைந்துள்ளனவா என்பவற்றை ஆராய்ந்து தரப்படுவது கட்டட அனுமதி. முன்னதற்கு அடிப்படை அவ்வூர் மன்றம் இயற்றிய விதி. பின்னதற்கு அடிப்படை மாநிலம் முழுமைக்கும் பொதுவான விதித்தொகுப்பு. இவ்விரண்டையும் வழங்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் வெவ்வேறு கட்டடங்களிலும், சில வேளைகளில் வெவ்வேறு ஊர்களிலும் இருப்பதற்குக் காரணம் இந்தப் பிரிவினையே.

டவுன் என்னும் ஆட்சி அலகு

வர்ஜீனியாவின் உள்ளாட்சி அமைப்பு ஏனைய அமெரிக்க மாநிலங்களிலிருந்து வேறுபட்டது. இங்கு 95 கவுன்டிகளும் 38 சிட்டிகளும் உள்ளன. கவுன்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தை ஒத்த நிலப்பகுதி. சிட்டி என்பது எந்தக் கவுன்டிக்கும் உட்படாத தனி நகரம்; ஒரு சிட்டிக்குள் வாழ்பவர் சூழ்ந்துள்ள கவுன்டிக்கு வரி செலுத்துவதில்லை, அதன் தேர்தலில் வாக்களிப்பதுமில்லை. மூன்றாம் வகையான டவுன் மட்டும் கவுன்டியின் உறுப்பாக இருந்துகொண்டே தனக்கெனத் தலைவரையும் மன்றத்தையும் வரியையும் உடையது. அதில் வாழ்பவர் இரண்டு அரசுகளுக்கும் வரி கட்டுகிறார். அனுமதிக்காக இரண்டு அரசுகளின் வாயிலிலும் நிற்கிறார். இத்தகைய டவுன்கள் ஏறத்தாழ 190 உள்ளன.

இவ்வகைப்பாடு மக்கள்தொகையை மட்டும் பொறுத்ததன்று. புதிதாக டவுன் ஆவதற்கு 1,000 பேர் வேண்டும் என்று இன்றைய சட்டம் கூறினாலும், பழைய சாசனத்தின் வலிமையில் நிலைத்திருக்கும் டவுன்களில் ஸ்காட் கவுன்டியின் கிளிஞ்ச்போர்ட் 100 பேருக்கும் குறைவாகவே உடையது. லவுடன் கவுன்டியின் லீஸ்பர்க்கோ பல சிட்டிகளைவிடப் பெரியதாயினும் இன்றும் டவுனாகவே இருக்கிறது. சிட்டியாக இருந்தவை செலவைத் தாங்க மாட்டாமல் டவுன் நிலைக்குத் திரும்பியதும் உண்டு: சவுத் பாஸ்டன் 1995-லும், கிளிப்டன் போர்ஜ் 2001-லும், பெட்போர்டு 2013-லும் அவ்வாறு திரும்பின.

எந்த வகை ஊராயினும், மாநிலச் சட்டமன்றம் வெளிப்படையாக வழங்கிய அதிகாரமும், அதிலிருந்து தவிர்க்கவியலாமல் பெறப்படும் அதிகாரமும் மட்டுமே அதற்கு உண்டு. ஐயம் எழுந்தால் அதிகாரம் இல்லை என்றே கொள்ளப்படும். அயோவா மாநில நீதிபதி ஜான் பாரஸ்ட் டில்லன் 1868-இல் வகுத்ததால் டில்லன் விதி எனப்படும் இக்கோட்பாட்டை வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 1896-இல் ஏற்றுக்கொண்டது. ஊர் மன்றம் ஒரு கட்டணத்தையோ நிபந்தனையையோ புதிதாக விதிக்க நினைத்தால் அதன் வழக்கறிஞர் முதலில் தேடுவது மாநிலச் சட்டத்தின் எந்தப் பிரிவு அதற்கு இடமளிக்கிறது என்பதைத்தான். ஊர் மக்கள் அலுவலர்மீது காட்டும் சினத்தில் ஒரு பகுதி உண்மையில் ரிச்மண்டில் கூடும் சட்டமன்றத்தைச் சேர வேண்டியது.

குடியேற்றக் காலச் சட்டங்கள்

இன்று இரண்டாகப் பிரிந்து நிற்கும் அனுமதிகளின் உள்ளடக்கம் ஆங்கிலேயக் குடியேற்றக் காலத்தில் ஒரே சட்டத்தின் அடுத்தடுத்த வரிகளில் அமைந்திருந்தது. புகையிலைத் தோட்டங்களாகச் சிதறிக் கிடந்த அக்குடியேற்றத்தில் ஊர்களை உண்டாக்கும் நோக்கத்துடன் 1680-இல் இயற்றப்பட்ட சட்டம், கவுன்டிக்கு ஒன்றாக 20 இடங்களில் 50 ஏக்கர் வீதம் நிலத்தை 10,000 பவுண்டு புகையிலைக்கு வாங்கவும், அதை அரை ஏக்கர் மனைகளாகப் பிரித்து, வீடும் பண்டகசாலையும் கட்ட முன்வருவோருக்குத் தரவும் வழி செய்தது. அரசர் தரப்பு அதனை நிறுத்தி வைத்தபோதும், மனையைப் பெற்றவர் கட்டியே தீர வேண்டும் என்ற அதன் அடிப்படை பின்வந்த சட்டங்களில் தொடர்ந்தது. அன்றைய அரசின் கவலை கட்டடங்கள் பெருகிவிடுமே என்பதன்று, ஒருவரும் கட்டாமல் போய்விடுவார்களே என்பதுதான்.

இவ்வரிசையில் மிக விரிவானது வில்லியம்ஸ்பர்க்கைத் தலைநகராக்கிய 1699-ஆம் ஆண்டுச் சட்டம். முதன்மைத் தெருவான டியூக் ஆப் குளஸ்டர் தெருவின் வீடுகள் தெருவிலிருந்து ஆறடி தள்ளி, அதைவிட நெருங்காமல், ஒரே முகப்பு வரிசையில் நிற்க வேண்டும். சுவரின் உயரம் 10 அடிக்குக் குறையக் கூடாது. 24 மாதங்களுக்குள் வீடு எழாவிட்டால் மனை கைவிட்டுப் போகும் என்று அது விதித்தது. தெருவோரத்தில் விட வேண்டிய இடைவெளியையும், கட்டடத்தின் அளவையும், அனுமதியின் காலவரம்பையும் ஒருங்கே கூறும் இச்சட்டம் இன்றைய விதிகளின் நேரடி முன்னோடியாகக் கொள்ளத்தக்கது. 1749-இல் நிறுவப்பட்ட அலெக்சாண்டிரியாவிலும் மனை வாங்கியவர் இரண்டு ஆண்டுகளுக்குள் 20 அடிச் சதுரமான வீடொன்றைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டப்பட்ட புகைபோக்கியுடன் எழுப்ப வேண்டியிருந்தது. மரச்சட்டத்தில் களிமண் பூசிக் கட்டும் மலிவான புகைபோக்கிகள் எளிதில் தீப்பற்றியமையால் 18-ஆம் நூற்றாண்டில் பிரெடரிக்ஸ்பர்க் உள்ளிட்ட ஊர்களில் அவை தடை செய்யப்பட்டன. தெருவில் பன்றிகளை அலைய விடுவதைத் தடுக்கும் விதியும் அவற்றுடன் சேர்ந்தே வருவது அக்கால ஊர் வாழ்வை ஒருவாறு காட்டுகிறது.

மண்டலப் பிரிப்பின் தோற்றம்

நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இன்ன பயன்பாடுதான் ஆகும் என வரையறுப்பதே மண்டலப் பிரிப்பு. நூல்கள் பலவும் அதன் அமெரிக்க வரலாற்றை 1916-ஆம் ஆண்டு நியூயார்க் விதியிலிருந்து தொடங்குவது வழக்கமாயினும், வர்ஜீனியாவைப் பொறுத்தவரை தொடக்கம் வேறிடத்தில் உள்ளது. ரிச்மண்ட் நகரமும் அதற்கு வடக்கே ஹானோவர் கவுன்டியில் உள்ள ஆஷ்லாந்து டவுனும் 1911-இல் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் எந்தத் தெருப்பகுதியில் குடியிருக்கலாம் என்பதை வரையறுக்கும் விதிகளை இயற்றின. எல்லா நகரங்களும் டவுன்களும் தம் நிலத்தை இன அடிப்படையில் வட்டாரங்களாகப் பிரித்து வரைபடம் தயாரிக்கலாம் என்று மாநிலச் சட்டமன்றம் 1912-இல் சட்டம் செய்தது. ரிச்மண்ட், ஆஷ்லாந்து விதிகள் இரண்டையும் மாநில உச்ச நீதிமன்றம் 1915-இல் ஏற்புடையன என்றது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகர வழக்கில் 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகளைச் செல்லாதனவாக்கிய பின்னரே அவை வலுவிழந்தன. நிலத்தை வரைபடத்தில் வண்ணமிட்டு, யார் எங்கே என்று கூறும் அதிகாரம் வர்ஜீனியாவின் சிற்றூர் மன்றங்களுக்கு முதன்முதலில் இவ்வாறே பழக்கமாயிற்று.

பயன்பாட்டு அடிப்படையிலான மண்டலப் பிரிப்பு 1920-களில் பரவியது. ஹெர்பர்ட் ஹூவர் வணிகத்துறைச் செயலாளராக இருந்தபோது அத்துறை வெளியிட்ட மாதிரிச் சட்டமும், 1926-இல் ஓஹையோ மாநிலத்தின் யூக்லிட் ஊர் தொடர்பான உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதற்கு வழி திறந்தன. அடுத்த ஆண்டே வர்ஜீனியாவின் ரோனோக் நகர விதி ஒன்று அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒரு தெருத்தொகுதியில் ஏற்கெனவே உள்ள வீடுகளில் 60 விழுக்காடு தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவு தள்ளியே புதிய கட்டடமும் நிற்க வேண்டும் என்ற அவ்விதி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1699-இன் ஆறடிக்கு நாடு முழுவதும் பொருந்தும் அரசமைப்பு ஆதரவு அதன் வழி கிடைத்தது.

மண்டல அனுமதி பெறும் முறை

ஒவ்வோர் ஊரும் திட்ட ஆணையம் ஒன்றையும், ஊரின் வருங்கால வளர்ச்சியைக் கூறும் முழுமைத் திட்டம் ஒன்றையும் கொண்டிருக்க வேண்டும்; அத்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் மறு ஆய்வு செய்யப்பட வேண்டும். மண்டல விதி மட்டும் கட்டாயமன்று. எனினும் டவுன்களில் அது பரவலாகவே உள்ளது. அதைச் செயற்படுத்துபவர் மண்டல நிர்வாகி. சிற்றூர்களில் இவர் பல வேளைகளில் ஊர் மேலாளராகவோ, எழுத்தராகவோ, பகுதி நேர அலுவலராகவோ இருப்பார்.

விண்ணப்பத்துடன் வர வேண்டிய முக்கிய ஆவணம் நில அளவர் வரைந்த மனை வரைபடம். அதில் கட்டப்போகும் பகுதியை வரைந்து, முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு எல்லைகளிலிருந்து உள்ள தூரங்களைக் குறிக்க வேண்டும். வேலியே எல்லை என்று நம்பிக் கட்டத் தொடங்குவது வழக்கமான பிழை. வேலிகள் பெரும்பாலும் எல்லையில் இருப்பதில்லை. விதிக்குள் அடங்கும் விண்ணப்பத்தை நிர்வாகி மறுக்க இயலாது. விதி நேரடியாக அனுமதிக்காவிடினும் நிபந்தனையுடன் இடமளிக்கும் பயன்பாடுகளுக்குச் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி தேவை. நாளிதழ் அறிவிப்பும், அண்டை மனைக்காரர்களுக்கு எழுத்துமூல அறிவிப்பும், பொது விசாரணையும் முடிந்த பின்னரே மன்றம் அதைத் தீர்மானிக்கும். ஆஷ்லாந்தில் வால்மார்ட் கடை அமைய விண்ணப்பம் வந்தபோது சுமார் 7,000 பேர் கொண்ட அவ்வூர் இரண்டாகப் பிரிந்து நின்ற காட்சியை 2001-ஆம் ஆண்டு ஆவணப்படம் ஒன்று பதிவு செய்துள்ளது. ஊரின் நடுவே ரயில் தண்டவாளம் செல்லும் அமைதியான இடமாயினும் விசாரணைகள் அமைதியாக நடக்கவில்லை. இறுதியில் மன்றம் அனுமதித்தது.

மனையின் சரிவோ வடிவமோ காரணமாக விதிக்கு உட்பட்டுக் கட்டவே இயலாதபோது கோரப்படுவது விதித்தளர்வு. இதனையும் நிர்வாகியின் முடிவுக்கு எதிரான முறையீட்டையும் கேட்பது, மன்றத்தாலன்றி வட்ட நீதிமன்றத்தால் நியமிக்கப்படும் மண்டல முறையீட்டு வாரியம். முறையீட்டுக்கு 30 நாள் காலவரம்பு உண்டு. பூலாஸ்கி டவுனில் பழைய கார்க் கொட்டகையை இடித்துப் புதிது கட்ட விரும்பியவர்களுக்கு, தெருவிலிருந்து 15 அடி விட வேண்டும் என்ற விதியை அவ்வூர் வாரியம் தளர்த்தியது. மாநில உச்ச நீதிமன்றம் 2004-இல் அத்தளர்வை நீக்கி, விதி நிலத்தின் நியாயமான பயன்பாடு அனைத்தையும் தடுத்தாலன்றித் தளர்வுக்கு இடமில்லை என்றது. வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருப்பவர் எவரும் இவ்வளவுகோலைத் தாண்ட முடியாதாகையால், 2015-இல் சட்டமன்றம் அதை மென்மைப்படுத்தியது சரியான திருத்தமே.

வரலாற்று வட்டாரங்களாக அறிவிக்கப்பட்ட பழைய தெருக்களில் சன்னல், கூரை முதலியவற்றின் தோற்றத்துக்கும் தனி வாரியத்தின் ஒப்புதல் தேவை. அலெக்சாண்டிரியா 1946-இல் இதற்கு வழிகாட்டியது.

கட்டட அனுமதி

1973 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள வர்ஜீனியா மாநில ஒருமைக் கட்டட விதித்தொகுப்பு ஊர்தோறும் இருந்த தனித்தனிக் கட்டட விதிகளை நீக்கியது. அதுமுதல் எந்த ஊரும் கட்டுமான விதியைத் தானாக இறுக்கவோ தளர்த்தவோ இயலாது. மக்கள்தொகை 3,500-க்குக் குறைந்த டவுன் விரும்பினால் விதித்தொகுப்பைத் தானே செயற்படுத்தலாம். இல்லையெனில் அது இருக்கும் கவுன்டி செய்ய வேண்டும். தனிக் கட்டட அலுவலரை வைத்துச் சம்பளம் தர இயலாத டவுன்கள் கவுன்டியிடமே விட்டுவிடுகின்றன. ஆகவே விண்ணப்பதாரர் முதலில் டவுன் அலுவலகத்தில் மண்டல ஒப்புதலைப் பெற்று, அந்தத் தாளுடன் கவுன்டித் தலைமையிடத்துக்குச் செல்கிறார். அங்கே ஒப்பந்ததாரரின் உரிம எண்ணோ, தாமே கட்டுவதாக உரிமையாளர் தரும் உறுதிமொழியோ கேட்கப்படும். கழிவுநீர்த் தொட்டி தேவைப்படும் மனைக்குச் சுகாதாரத் துறையின் ஒப்புதலும் வேண்டும். 10,000 சதுர அடியும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறும் வேலைக்கு மண்ணரிப்புத் தடுப்புத் திட்டமும் வேண்டும், செசபீக் விரிகுடாப் பாதுகாப்புப் பகுதிகளில் இவ்வரம்பு 2,500 சதுர அடி.

சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு. 256 சதுர அடிக்கு மேற்படாத, ஒரே தளமுள்ள, வீட்டோடு ஒட்டாத சாமான் கொட்டகைக்குக் கட்டட அனுமதி வேண்டா. பண்ணைக் கட்டடங்களும் விலக்கு பெற்றவை. ஆயினும் இவ்விலக்கு மண்டல விதியைத் தொடாது. கட்டட அனுமதி தேவையில்லை என்று கவுன்டி அலுவலர் கூறியதை எல்லா அனுமதியும் தேவையில்லை என்று கொண்டு பக்கத்து மனை எல்லையோரம் கொட்டகை போட்டவர், டவுனின் அறிவிப்பைப் பெற்று அதை நகர்த்த நேர்வது இப்பிரிவினையின் இயல்பான விளைவு.

அனுமதி அட்டையை வேலையிடத்தில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். நிலத்தடிக் கம்பிகளைக் குறித்துத் தர 811 எண்ணுக்குச் சொன்ன பிறகே வானம் தோண்டலாம். மத்திய வர்ஜீனியாவில் பனியுறைவு கருதி அதன் ஆழம் வழக்கமாக 18 அங்குலம், வடக்கே 24. தோண்டிய வானத்தின் அடி கெட்டியாகவும் நீர் தேங்காமலும் உள்ளதா என்று ஆய்வாளர் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே காங்கிரீட் ஊற்றப்படும். பின்னர்ச் சட்டகமும் கம்பி, குழாய் வேலைகளும் சுவர்ப்பலகையால் மூடப்படுவதற்கு முன் பார்க்கப்படுகின்றன; அவசரப்பட்டு மூடியவர் பிரித்துக் காட்ட நேரிடும். இறுதி ஆய்வு தேறினால் குடிபுகு சான்றிதழ் தரப்படும். ஆறு மாதத்துக்குள் தொடங்காத வேலைக்கான அனுமதி காலாவதியாகலாம். அனுமதிக் கட்டணத்தின் மேல் மாநிலம் 2 விழுக்காடு வசூலித்து ஆய்வாளர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது.

தற்கால நிலை

விதித்தொகுப்பின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பு 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மனைப்பிரிவு, மனையமைப்பு வரைபடங்களுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பைத் திட்ட ஆணையங்களிடமிருந்து அலுவலர்களுக்கு மாற்றவும் காலவரம்பைக் குறைக்கவும் 2025-இல் சட்டங்கள் இயற்றப்பட்டன; பல கவுன்டிகள் விண்ணப்பங்களை இணையவழியில் பெறுகின்றன.