உப்பளமும் உள்ளானும்: மரக்காணக் கரையில் பறவை நோக்குதலின் வரலாறு

புதுச்சேரியிலிருந்து வடக்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மீது அமைந்த பெரிய முதலியார்சாவடிக்கும், அதற்கு அப்பால் உப்பளங்கள் விரிந்து கிடக்கும் மரக்காணத்திற்கும் இடைப்பட்ட நிலப்பகுதி, குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் திரளும் தமிழகக் கடற்கரைப் பகுதிகளுள் முக்கியமானது. மேற்கே செம்மண் மேடு, கிழக்கே மணல்மேடு, இரண்டுக்கும் நடுவே கழுவேலி எனப்படும் ஆழமற்ற பெருநீர்ப்பரப்பு என்று இப்பகுதி அமைந்துள்ளது. இருநூறுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் கழுவேலியில் வந்து சேர்கிறது. அந்நீர் வடகிழக்காக ஓடி, எடையன்திட்டு கழிமுகத்தின் வழியே வங்காள விரிகுடாவை அடைகிறது. மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் உவர்நீராகவும் மாறும் இந்த நீர்நிலையும், அதன் கடல்வாயிலை ஒட்டிய உப்புப் பாத்திகளும் சேர்ந்தே இங்குள்ள பறவை வாழ்வைத் தாங்குகின்றன.

காட்டுயிர் காணும் பயணம் என்றவுடன் இன்றைய வாசகரின் மனத்தில் எழுவது கிழக்கு ஆப்பிரிக்காவின் புல்வெளியும் நக்குரு ஏரியின் பூநாரைக் கூட்டமும்தான். அந்தப் புல்வெளியின் ஆளற்ற தோற்றம் இயற்கையாக வந்ததன்று. தான்சானியாவின் செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அங்கே மாடு மேய்த்துவந்த மாசாய் மக்கள் 1959இல் அண்டையிலுள்ள இங்கோரோங்கோரோ பகுதிக்கு மாற்றப்பட்ட பின்னரே அது முழுமை பெற்றது. மரக்காணக் கரையின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே பறவைகள் வந்தது மனிதர் விலகிய இடத்திற்கு அன்று. மனிதர் வரப்பு கட்டி, நீர் பாய்ச்சி, மிதித்துப் பக்குவப்படுத்திய இடத்திற்கு. இவ்வேறுபாட்டை மறந்து எழுதப்படும் எந்தப் பறவை வரலாறும் இக்கரைக்குப் பொருந்தாது.

சோழமண்டலக் கரையின் பறவைகள் ஐரோப்பிய நூல்களில் இடம்பெறத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி அனுப்பிய படங்களைக் கொண்டு இலண்டன் மருந்தாளர் ஜேம்ஸ் பெட்டிவர் எழுதிய குறிப்பு, ஜான் ரேயின் பறவை நூலுக்குப் பின்னிணைப்பாக 1713இல் வெளிவந்தது. அதன் பின்னர் இத்துறையில் புதுச்சேரி முன்னுக்கு வந்தது. 1770களிலும் 1780களின் தொடக்கத்திலும் அந்நகரில் தங்கிய பிரெஞ்சு இயற்கையாளர் பியேர் சொன்னரா தமது கீழை நாட்டுப் பயண நூலை 1782இல் வெளியிட்டார். அதில் அவர் வருணித்த பறவைகளுக்கு ஜெர்மானிய அறிஞர் யோகான் கிமெலின் 1789இல் இலத்தீன் இருசொற்பெயர்களைச் சூட்டினார். ஓர் உயிரினத்திற்குப் பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சேர்த்து வழங்கும் முறையே இருசொற்பெயரீடு. கம்பங்கொல்லைகளிலும் முட்புதர்களிலும் கத்தித் திரியும் கௌதாரி உலகெங்கும் ‘பாண்டிசேரியானஸ்’ என்ற சிற்றினப் பெயரால் அறியப்படுவது இவ்வழியில்தான்.

உப்பளத்தோடு நேரடித் தொடர்புள்ள பெயர் இன்னும் சில பத்தாண்டுகள் கழித்தே வந்தது. பிரெஞ்சு அரசு 1816இல் புதுச்சேரிக்கு அனுப்பிய தாவரவியலாளர் லெஷெனோவின் நினைவாக, பெரிய மணல் உப்புக்கொத்திக்கு ‘லெஷெனோல்ட்டி’ என்ற சிற்றினப் பெயரைப் பிரெஞ்சு இயற்கையாளர் ரெனே லெஸ்ஸோன் 1826இல் வழங்கினார். அப்பறவையின் மூல மாதிரி கிடைத்த இடம் புதுச்சேரி. நடு ஆசியாவின் வறண்ட நிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரையுள்ள கடற்கரைகளில் இரை தேடும் இந்தச் சாம்பல்நிறச் சிறுபறவை, கென்யக் கரைக்குச் செல்லும் பயணிக்கும் மரக்காணத்திற்கு வரும் பயணிக்கும் ஒருங்கே காணக் கிடைப்பது. அக்காலத்தில் காண்பது என்பதற்குச் சுடுவது அல்லது பிடிப்பது என்றே பொருள். பிடிபட்ட பறவையின் தோலை உரித்து, நஞ்சு தடவி, பஞ்சடைத்துக் கப்பலேற்றுவதே அறிவியல் முறையாக இருந்தது. கண்ணி வைத்தும் வலை விரித்தும் அப்பறவைகளைக் கொண்டுவந்து கொடுத்த உள்ளூர் மக்களின் பெயர் எந்த இருசொற்பெயரிலும் ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அறிஞர்கள் தோல்களைச் சேகரித்த அதே காலத்தில், பறவையைச் சுடாமல் காக்க வேண்டும் என்ற கோரிக்கை உழவரிடமிருந்து எழுந்தது. மரக்காணத்திற்கு வடமேற்கே, செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்த வேடந்தாங்கலின் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் அப்பறவைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் கௌல், அதாவது அரசு உறுதிச்சீட்டு, வழங்கினார். அம்மக்களின் நோக்கம் அழகுணர்ச்சி மட்டுமன்று. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் ஆயிரக்கணக்கான கொக்குகளும் நாரைகளும் இடும் எச்சம் நீரில் கரைந்து, அந்நீர் பாயும் வயல்களுக்கு உரமாவதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தனர். வேடந்தாங்கல் 1936இல் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. உலகின் புகழ்பெற்ற பூங்காக்கள் தோன்றுவதற்கு முன்பே, வயலுக்கும் ஏரிக்கும் பறவைக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை ஆட்சியாளர் ஏற்கும்படி செய்த அந்த ஊர்மக்களின் முறையீடு, இந்தியப் பாதுகாப்பு வரலாற்றில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

மரக்காணத்தில் பறவைக்கு இடம் கொடுத்தது உழவு அன்று, உப்பு. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் பற்றிய குறிப்புகள் உள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தனியுரிமை வணிகமாக்கிய பிறகு, விளைந்த உப்பு முழுவதும் கம்பெனிக்கே விலைக்குச் சென்றது. தானாக விளையும் உப்பை மக்கள் அள்ளாதபடி சேவகர் காவல் நின்றனர். மரக்காண உப்புக்குச் சென்னைச் சந்தையைத் திறந்துவிட்டது நீர்வழி. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பட்டு, 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக நகருக்குள் இணைக்கப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என வழங்கப்பட்ட அந்த நீர்வழியின் தென்கோடி முனை மரக்காணமே. உப்பும் சவுக்கு விறகும் அவ்வழியே படகுகளில் ஏறின.

உப்பளம் எவ்வாறு பறவைக்கு இரைக்களமாகிறது என்பது அதன் அமைப்பிலேயே உள்ளது. கழிமுக நீர் முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்தப்படுகிறது. வெயிலிலும் காற்றிலும் வற்றச் செறிவு கூடிய நீர் அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றப்படுகிறது. நீரின் செறிவைத் தொழிலாளர் ‘டிகிரி’ என்றே சொல்லும் போமே என்ற அளவால் கணக்கிடுவர். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். செறிவு குறைந்த முதல் தேக்கங்களில் மீன்குஞ்சும் இறாலும் சேற்றுப் புழுவும் உயிர்வாழ்வதால், நெடுங்கால் உள்ளானும் பச்சைக்காலியும் கொக்கும் அங்கே இரை தேடுகின்றன. செறிவு ஏறிய நடுப்பாத்திகளில் மீன் பிழைக்காது; மீனின் பகை நீங்கிய அந்த நீரில் ஆர்ட்டீமியா எனப்படும், நகக்கண் அளவேயுள்ள உவர்நீர் இறாலும் உவர் ஈக்களும் பெருகுகின்றன. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவை உந்துகோல்போல் இயக்கி நீரை உள்ளிழுத்து வெளியேற்ற, அலகின் விளிம்பிலுள்ள மெல்லிய தகடுகள் அவ்விறாலை வடித்தெடுக்கின்றன. அதன் இறகின் செம்மை இவ்விரையிலுள்ள நிறமியால் வருவது. கடைசிப் பாத்திகளில், உப்பு வெள்ளையாய் விளையும் இடத்தில், இரை எதுவும் இல்லை. ஆயினும் கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும் கடலில் ஏற்றம் வந்து சேற்றுவெளி மூழ்கும் வேளையில் அங்குள்ள வரப்புகளில் வரிசையாக ஒதுங்கி நிற்கும். ஜனவரியில் பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவதில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பு வாரி அம்பாரம் இடுவது இத்தொழிலின் ஆண்டு முறை. மழை பெய்து தொழில் நின்று பாத்திகள் நீர் நிறைந்து கிடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலமே வலசைப் பறவைகள் வந்திறங்கும் காலமும் ஆகும். நெல்லும் வீடும் ஏற இயலாத அந்த உவர்நிலத்தை அரசு தன் வருவாய்க்காகக் கைவிடாமல் வைத்திருந்தது; அந்த வருவாய்க் கணக்கின் எச்சமாகவே பறவைகளுக்கு இடம் மிஞ்சியது எனலாம்.

துப்பாக்கி வேட்டை குறைந்ததற்குச் சட்டங்களும் காரணம், ஆனால் அவை மெல்லவே பயனளித்தன. காட்டுப் பறவைகளைக் காக்கும் சட்டம் 1887இலும் அதன் விரிந்த வடிவம் 1912இலும் வந்தன. இரண்டும் இனப்பெருக்கக் காலத்திற்கு மட்டுமே தடைகளை விதித்தன. உள்ளானும் சிறகியும் துரைமார் விரும்பிய வேட்டைப் பறவைகளாகவே நீடித்தன. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் 1909-10இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடத்திய வேட்டைப் பயணத்தைப் போன்ற ஆரவாரம் இங்கே இல்லை. வேட்டையும் வியப்பும் ஒருவரிடமே குடிகொண்டிருந்தமை மட்டும் பொது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் சுமை முழுவதும் இறங்கியது, கண்ணி வைத்துப் பிழைத்த நரிக்குறவர் போன்ற எளியோர் மீதே. பறவைகளின் குரலையும் தடத்தையும் அவர்களைவிட நுட்பமாக அறிந்தோர் அருமை. அந்த அறிவைப் பயன்கொள்ள எந்தத் துறையும் முறையாக முயலவில்லை.

சுடாமல் நோக்கும் பழக்கம் இந்தியாவில் பரவியதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ நூல் 1941இல் வெளிவந்தது பெருங்காரணம். தமிழில் அந்நோக்கிற்கு மொழி அமைத்துக் கொடுத்தவர் இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன். 1978இல் தோன்றிய சென்னை இயற்கையாளர் கழகம் நகரத்து ஆர்வலரை ஏரிகளுக்கு அழைத்துச் சென்றது. மறுபுறம், 1968இல் பெரிய முதலியார்சாவடிக்கு அருகே செம்மண் மேட்டில் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், அரிப்புண்டு கிடந்த நிலத்தில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, அதாவது இக்கரைக்கே உரிய குட்டையான மரங்கள் அடர்ந்த காடு, மீண்டும் வளர்க்கப்பட்டது. அங்கு 1973இல் உருவான பிச்சாண்டிக்குளம் காடு பின்னாளில் கழுவேலிப் பகுதியின் நீர்ப்பிடிப்பிலும் பள்ளிகளிலும் பணியாற்றியது. கிறிஸ்டியான் பெரென்னூவும் வி. சாந்தாராமும் தென்கிழக்கு இந்திய நீர்நிலைகளின் பறவைகளை ஆய்ந்து எழுதிய கட்டுரை 1990இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. தொலைநோக்கியும் குறிப்பேடும் கொண்ட இத்தலைமுறைக்குப் பின் வந்தோர், 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். பொங்கல் வலசைப் பருவத்தின் நடுவே வருவதால், கழுவேலிக்கு அக்கணக்கெடுப்பு பொருத்தமான நாளில் நிகழ்கிறது.

1990களில் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் பெருகியபோது, எடையன்திட்டு கழிமுகமும் அதற்குத் தப்பவில்லை. கடலோரப் பண்ணைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பை வழங்கியது. நீண்ட கோரிக்கைகளுக்குப் பின், 2021 டிசம்பரில் தமிழக அரசு வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் பரப்பைக் கழுவேலிப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் பட்டியலில் அது 2024 ஆகஸ்டில் சேர்ந்தது. இவ்வறிவிப்புகளின் மொழி காட்டையும் ஏரியையும் பற்றியது. உப்பளமோ குத்தகை, விலை, உற்பத்தி ஆகியவற்றின் மொழியில் வேறு துறைகளின் கோப்புகளில் பேசப்படுவது. பாத்தி கைவிடப்பட்டு வறண்டாலோ, ஆண்டு முழுவதும் ஒரே செறிவில் நீர் நிறுத்தப்பட்டாலோ, ஆர்ட்டீமியாவும் சேற்றுப் புழுவும் இல்லாமல் போகும்; அப்பொழுது சரணாலயத்தின் எல்லைக்கல் மாறாமல் இருந்தும் பூநாரை வேறிடம் நாடும்.

உப்பு விளையாத மழை மாதங்களில் கூலியிழக்கும் உப்பளத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. பறவை காண வரும் வெளியூரார் மிகுதியாகக் கூடுவதும், விடுதிகளில் அறைவாடகை ஏறுவதும், பாத்தியின் வரப்பை அமைத்தவர் வேலையின்றி இருப்பதும் ஏறத்தாழ ஒரே பருவத்தில்தான்.