ஜானகி அம்மாள், இ. கே. (1897–1984)

இந்தியத் தாவரவியலாளர், செல் மரபியல் அறிஞர். கரும்பு முதல் மேக்னோலியா வரை பல பேரினங்களின் குரோமோசோம்களை எண்ணி, ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனம் எப்படிக் கிளைக்கிறது என்று ஆராய்ந்தவர். தலைச்சேரியில் 1897 நவம்பர் 4 அன்று பிறந்தார். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார்; அங்கே 1931இல் அறிவியல் முனைவரானார். அடுத்து இரண்டாண்டுகள் திருவனந்தபுரத்தில் பேராசிரியர்.

கரும்பு ஆய்வு: 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கரும்பு அங்கே பூத்து விதை பிடிக்கும் என்பதாலேயே 1912இல் நிலையத்துக்கு அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர் ஜானகி அம்மாள் என்று பரவலாக எழுதப்படுகிறது, இது சரியன்று. ஆலைக்கரும்பையும் நாணலையும் கலந்து அந்நிலைய ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 ரகம் 1918இலேயே வந்துவிட்டது. நாணல் தந்ததும் இனிப்பன்று, தாக்குப்பிடிக்கும் வலிமை. ஜானகி அம்மாளின் பங்கு வேறு. அறிவியல் நோக்கில் அதைவிட ஆழமானது.

கரும்பு வேரின் நுனியில் செல்கள் ஓயாமல் பகுப்படைகின்றன. நுனியை வெட்டி, செல்கள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும்படி திரவத்தில் இட்டு, மிக மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றினால் நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் தெரியும். கரும்புக் கலப்பினமானால் நூற்றுக்கு மேற்பட்ட சிறு துண்டுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். எதையும் விடாமல், எதையும் இருமுறை சேர்க்காமல் எண்ணியாக வேண்டும். ஆலைக்கரும்பில் 80, கோயம்புத்தூர் நாணலில் 64. இரண்டிலும் பாதிப்பாதி சேர்ந்தால் பிள்ளைச் செடியில் 72 இருக்க வேண்டும். கோ 205இல் இருப்பதோ 112. தாய்க் கரும்பு தன் 80ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறது; நாணல் தன் பாதியை மட்டும் தருகிறது. இப்போக்கை ஜாவாவில் டச்சு ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தனர்.

ஜானகி அம்மாள் ஒரு படி மேலே போனார். சோளம், மக்காச்சோளம், மூங்கில் எனப் பிற பேரினங்களோடும் கரும்பைக் கலக்கும் சோதனைகளில் ஈடுபட்டு, அவற்றின் குரோமோசோம் நிலையை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். புல் குடும்பத்தில் பேரின எல்லைகள் எவ்வளவு தளர்ந்தவை என்பதற்கு இவை சான்று. நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதை ஆராய்ந்து, அதன் தாயகம் இந்தியாவே என்றும் நிறுவினார்.

இங்கிலாந்தில்: 1940இல் லண்டனை அடுத்த ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். செல்லியலாளர் சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் ஏறத்தாழ 10,000 இனங்களைத் தொகுத்த நூல். பின்னர் விஸ்லியில் ராயல் தோட்டக்கலைக் கழகத்தின் செல்லியலாளரானார். அங்கே மேக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் செலுத்தினார். நம் செங்காந்தளிலும் உள்ள இவ்வேதிப்பொருள், பகுப்படையும் செல் இரண்டாகப் பிரியாமல் தடுத்துக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். அவர் பெயரைத் தாங்கிய மேக்னோலியா வகை ஒன்று உண்டு.

இமயத்தின் வடகிழக்கில் புதிய இனங்கள் மிகுதியாகத் தோன்றுவதற்கு அப்பகுதியின் குளிரும் ஈரமும் ஊக்கும் பன்மடியமே (குரோமோசோம் தொகுதிகள் பெருகுதல்) காரணம் என்பது அவர் கருத்து. வறண்ட குளிர் நிலவும் வடமேற்கில் அப்பெருக்கம் இல்லை. சீன, மலேயத் தாவரங்கள் இந்தியத் தாவரங்களுடன் வடகிழக்கில் கலந்ததையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். தாவரத்தின் பரவலையும் குரோமோசோமையும் பிரிக்காமல் பார்த்த இந்நோக்கே அவருடைய தலையாய கொடை.

தாயகம் திரும்பியபின்: நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் திரும்பினார், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அலகாபாத், ஜம்மு, டிராம்பே ஆகிய இடங்களில் பணியாற்றி, 1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நீர்மின் திட்டத்தால் அழியவிருந்த கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காடுகளுக்காக முதிய வயதில் குரல் கொடுத்தார். 1977இல் பத்மஸ்ரீ. மதுரவாயல் கள ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்து, 1984 பிப்ரவரி 7 அன்று அங்கேயே காலமானார்.

வகைப்பாட்டியலுக்கான மத்திய அரசின் விருதும் ஜம்மு உலர்தாவரத் தொகுப்பகமும் அவர் பெயரில் உள்ளன.