ஏழைக் குடும்பங்களின் சேமிப்பு: அரசுத் திட்டங்கள் எவ்வாறு செயல்படுகின்றன?

குறைந்த வருவாய் உள்ள குடும்பங்கள் சேமிப்பதே இல்லை என்ற கருத்து உண்மைக்குப் புறம்பானது. சீட்டு, நகை, ஆடு, மாடு என அவர்களின் சேமிப்பு பெரும்பாலும் வங்கிக்கு வெளியே இருந்து வருகிறது. அதை முறைசார்ந்த நிதி அமைப்புக்குள் கொண்டுவரும் முயற்சி இந்தியாவில் புதிதல்ல; அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-ஆம் ஆண்டே தொடங்கப்பட்டது.

அண்மைக் காலத்தின் பெரிய முயற்சி, 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன் தன் திட்டம். குறைந்தபட்ச இருப்புத் தொகை இல்லாமல் கணக்கு, ரூபே அட்டை, விபத்துக் காப்பீடு ஆகியவை இதில் கிடைக்கின்றன. 2023-ஆம் ஆண்டில் கணக்குகளின் எண்ணிக்கை 50 கோடியைக் கடந்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை. ஆனால் கணக்கு தொடங்குவது வேறு, சேமிப்பது வேறு. அதே ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கணக்கு செயல்படாத நிலையில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு இந்நிலையை அடையும்.

முதுமைக்கான சேமிப்பை ஊக்குவிக்க 2015 மே மாதம் தொடங்கப்பட்டது அடல் ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 40 வயது வரை உள்ளோர் சேரலாம். 60 வயதுக்குப் பின் மாதம் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை குறைந்தபட்ச ஓய்வூதியத்துக்கு அரசு உத்தரவாதம் அளிக்கிறது. 18 வயதில் சேருபவர் ரூ.1,000 ஓய்வூதியத்துக்கு மாதம் ரூ.42 செலுத்தினால் போதும்; 40 வயதில் சேர்ந்தால் அதே ஓய்வூதியத்துக்கு ரூ.291 செலுத்த வேண்டும். சந்தாதாரர் இறந்தால் அவரது துணைவருக்கு அதே ஓய்வூதியம் தொடரும். 2022 அக்டோபர் முதல் வருமான வரி செலுத்துவோர் இதில் சேர முடியாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான சந்தாதாரர்கள் தேர்ந்தெடுத்திருப்பது ரூ.1,000 ஓய்வூதியத்தையே. இத்தொகை விலைவாசியுடன் சேர்ந்து உயராது. இன்று 18 வயதில் உள்ளவர் 42 ஆண்டுகள் கழித்துப் பெறும் ஆயிரம் ரூபாய்க்கு அப்போது என்ன மதிப்பு இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெண் குழந்தைகளுக்கான சுகன்யா சம்ரித்தி, தமிழகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்ற பெயரில் அறியப்படுகிறது. பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமியின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது ரூ.250 செலுத்த வேண்டும். தொடக்கத்தில் ரூ.1,000 ஆக இருந்த இவ்வரம்பு 2018-இல் குறைக்கப்பட்டது; ஏழைக் குடும்பங்களைப் பொறுத்தவரை இது முக்கியமான மாற்றம். 15 ஆண்டுகள் செலுத்தினால், 21-ஆம் ஆண்டில் கணக்கு முதிர்வடையும். எனினும் இத்திட்டத்தின் கவர்ச்சியாகப் பேசப்படும் வரிச்சலுகை, வரி கட்டும் அளவுக்கு வருவாய் இல்லாத குடும்பத்துக்குப் பயன் தராது.

அவ்வகையில், அரசும் தன் பங்கைச் செலுத்தும் முறையே நேரடியானது. மாத வருவாய் ரூ.15,000-க்கு மிகாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2019-இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில், 29 வயதில் சேருபவர் மாதம் ரூ.100 செலுத்தினால் அரசும் ரூ.100 செலுத்துகிறது. 60 வயதுக்குப் பின் மாதம் ரூ.3,000 கிடைக்கும்.

தினக்கூலி பெறுவோருக்கு மாதந்தோறும் ஒரே தொகை எடுத்து வைப்பது எளிதன்று. அடல் திட்டத்தில் மூன்று மாதங்களுக்கு அல்லது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தும் வசதி உண்டு. அறுவடைக் காலத்தில் மட்டும் கையில் பணம் புழங்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு அதுவே பொருத்தமானது.