ஆக்சிஜன் கூடினால் அடங்கும் சிக்னல்

2021 ஏப்ரல் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் ஆக்சிஜன் ஆலை செய்தியில் அடிபட்டது ஞாபகமிருக்கும். அங்கே தயாராகும் ஆக்சிஜனை ஆந்திரா, தெலங்கானாவுக்குத் திருப்பிவிட வேண்டாம்னு தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆக்சிஜன் குறைந்தால் என்னாகும்னு அந்தக் கோடையில் எல்லாருமே கத்துக்கிட்டோம். கூடினால் என்னாகும்? அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு.

1942-ல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் வெண்மையான திசு படர்ந்து பார்வை போவதைப் பதிவு செய்தார். 1951-ல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல், தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன்மேல் சந்தேகப்பட்டார். 1954-ல் அமெரிக்க ஆய்வு அதை உறுதிசெய்தது. ஆக்சிஜனைக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுக்குத் தவித்து இறந்த குழந்தைகள் கூடினார்கள்.

உயிர் காக்கும் வாயு கண்ணை ஏன் கெடுக்கணும்? 1948-லேயே ஐசக் மைக்கேல்சன் ஓர் ஊகம் சொல்லியிருந்தார்: விழித்திரையே ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டு ரத்தக்குழாய்களை வரவழைக்குது. 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா குழு பிரித்தெடுத்துப் பேர் வைத்த விஇஜிஎஃப் என்ற புரதம்தான் அதுன்னு பின்னால் தெரிந்தது. ஆக்சிஜன் போதாத செல் இதைச் சுரக்கும்; குழாய் அந்தத் திசையில் முளைத்து நீளும். 1995-ல் ஏலி கெஷெட் குழு எலிக்குட்டிகளில் இன்னொன்றையும் காட்டியது: புதுக் குழாய் பிழைத்திருக்கவும் இதே சிக்னல் வேணும். ஆக்சிஜன் நிரம்பினால் சிக்னல் அடங்கும், இளங்குழாய்கள் மடியும். சில வாரம் கழித்து, வளர்ந்துவிட்ட விழித்திரை பட்டினியில் சிக்னலைக் கொட்டும். குழாய்கள் தாறுமாறாக முளைத்து, விழித்திரையையே இழுத்துப் பிய்க்கும்.

கண்ணைக் காப்பாற்ற வாய்ப்பிருப்பது இடையிலுள்ள அந்தச் சில வாரங்களில்தான். 1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, இந்தக் கண் பரிசோதனை நடக்காமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பார்வை போய்விட்டது. பெற்றோர் விடாமல் நடத்திய வழக்கில், 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

இன்று இந்திய வழிகாட்டுதல் தெளிவாக இருக்கு. 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்தால், 30 நாளுக்குள் கண்ணைப் பார்த்துடணும். ரொம்பச் சின்னக் குழந்தைன்னா இன்னும் முன்னாடியே. அந்த நேரத்தில் லேசரோ விஇஜிஎஃப்பைத் தடுக்கும் ஊசியோ போதும், மிஞ்சிய சிக்னலை அடக்கிவிடலாம். உங்க வீட்டில் குறைமாதக் குழந்தை இருந்தா எடை ஏறுதான்னு மட்டும் கேட்காதீங்க, கண்ணைப் பார்த்தாச்சான்னும் கேளுங்க.