காட்டில் தங்குவோர் கடமை

காட்டில் தங்குதல் தமிழர்க்குப் புதியதன்று. முல்லைப்பாட்டு காட்டும் பாசறை, காட்டாற்றை அடுத்த முல்லை நிலத்தில் புதர்களை அகற்றி, முள்வேலி சூழ இட்டு, தெருக்கள் வகுத்து அமைக்கப்பட்டதாகும். அங்கே காவலர் உண்டு. பொழுதை அளந்து சொல்வோர் உண்டு. ஒவ்வொருவர்க்கும் உரிய இடமும் பணியும் உண்டு. மக்கள் கூட்டம் காட்டில் தங்க வேண்டுமாயின் ஓர் ஒழுங்கு இன்றியமையாதது என்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். ஆனால், அக்காலத்தில் காடு மிகுதி, மாந்தர் குறைவு. இன்றோ நிலைமை தலைகீழாகிவிட்டது. காட்டிலிருந்து மாந்தரைக் காத்த வேலி போய், மாந்தரிடமிருந்து காட்டைக் காக்கும் வேலி வந்துவிட்டது.

பேரா மாநிலத்துத் தமிழர்க்கு இச்செய்தி அயலானதன்று. பாகான் செராயைச் சூழ்ந்துள்ள கிரியான் வட்டாரத்து நெல்வயல்கள், 1906இல் நிறைவுற்ற நீர்ப்பாசனத் திட்டத்தால் செழித்தவை. அவற்றுக்கு நீர் தருவது அத்திட்டத்தின்வழித் தோன்றிய புக்கிட் மேரா ஏரி. ஏரிக்கு நீர் வரும் காடு கெட்டால் வயல் கெடும் என்பதை அவ்வட்டாரத்து உழவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாநிலத்தின் வடகோடியில், 2007ஆம் ஆண்டு மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் வனம் 1,17,500 எக்டர் பரப்புடையது. அதனுள் நுழையவும் தங்கவும் முன் அனுமதி வேண்டும். மாணவரை முகாமுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் பலர் இத்தகைய விதிகளை நன்கறிவர். ஆயினும், அவ்விதிகளின் பின்னே உள்ள வரலாற்றுச் சிக்கலை விளங்கிக்கொள்ள, தாய்த்தமிழகத்தில் ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் காட்டில் தங்கும் ஓரிடத்தை நோக்குதல் தகும். அவ்விடம் பொதிகை மலையடியிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயில்.

கோயிலும் குடில்களும்

திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசத்திற்கு மேலே, காரையாறு பகுதியில், தாமிரபரணிக் கரையில் அமைந்தது இக்கோயில். சொரிமுத்து அய்யனாரோடு மகாலிங்கம், சங்கிலி பூதத்தார், பட்டவராயன் முதலிய தெய்வங்களும் இங்கு வழிபடப்பெறுகின்றன. பட்டவராயன் என்பவர் முத்துப்பட்டனே ஆவார். அந்தணர் குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா ஆகிய இருவரை மணந்து, மாமனாரின் மாடுகளைக் கவர வந்தோரை எதிர்த்து உயிர்நீத்தவர் என்பது கதை. பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைப்பாடலைப் பதிப்பித்து ஆய்வுலகுக்கு அளித்தார். இன்றும் பட்டவராயன் சன்னிதியில் அடியார்கள் தோற்செருப்புகளைக் காணிக்கையாக வைக்கின்றனர். மலேசியத் தோட்டப்புறங்களில் மதுரைவீரனுக்குச் சிறுகோயில் எழுப்பியவர்களின் வழித்தோன்றல்களுக்கு இவ்வழிபாட்டின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. குலத்தடையைக் கடந்த வீரனே எளியோரின் காவல்தெய்வமாக நிற்கிறான்.

ஆடி அமாவாசையே இங்குப் பெருவிழா. அந்நாளையொட்டித் தென்மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள் ஆற்றங்கரையில் குடில் அமைத்து, பல நாள் தங்கி நோன்பிருந்து, பொங்கலிட்டு, கிடா வெட்டிச் செல்வது நெடுநாள் வழக்கம். விழாவுக்கு வருவோர் தொகை இலட்சக்கணக்கில் அமையும். பணம் கொடுத்து விடுதியில் தங்க இயலாத ஏழை எளியோர்க்கு, ஓலையும் கம்பும் கொண்டு எழுப்பிய அக்குடிலே விடுதி. ஆண்டு முழுவதும் உழைப்பில் பிரிந்து கிடக்கும் உறவினர் ஒன்றுகூடி உண்ணும் இடமும் அதுவே. ஆகவே, அங்குத் தங்குதல் வெறும் பொழுதுபோக்கன்று. அது வழிபாட்டின் ஓர் உறுப்பு.

ஜமீன் காடு அரசுக் காடாதல்

இக்கோயிலின் பரம்பரை அறங்காவலர் சிங்கம்பட்டி ஜமீன்தார். விழா நாளில் அவர் அரச உடையணிந்து காட்சி தருவது மரபாக இருந்தது. முடிசூடிய ஜமீன்தாருள் இறுதியானவராகிய முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் மறைந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் பரந்த காட்டுப்பகுதி ஒருகாலத்தில் இந்த ஜமீனுக்கு உரியதாயிருந்தது. அதில் 8,374 ஏக்கர் நிலம், 1929இல் பம்பாய் பர்மா வணிக நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் அவ்வாறே தோன்றியது. பின்னர், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தையொட்டி, 1952இல் ஜமீன் காடு அரசின் கைக்கு வந்தது.

அதன்பின் பாதுகாப்பு என்னும் புதிய கருத்து வேரூன்றியது. முண்டந்துறை 1962இலும், களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. 1988இல் இவ்விரண்டும் இணைந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகம் இதுவே. இதன் உட்பகுதியின் பரப்பு 895 சதுர கிலோமீட்டர். காணிக்காரர் எனப்படும் பழங்குடியினரின் குடியிருப்புகளும் இதனுள் உள்ளன. இவ்வாறு, ஊராரின் கோயில் ஒரு காப்பகத்தின் உள்ளே நிற்கலாயிற்று. கோயில் இடம் பெயரவில்லை. அதைச் சூழ்ந்த நிலத்தின் பெயரும் சட்டமும் மாறின. பாட்டன் உரிமையாய்த் தங்கிய ஆற்றங்கரையில் பேரன் அனுமதி பெற்றுத் தங்க வேண்டியவனானான். இந்த மாற்றத்தின் கசப்பை உணராதவர் இச்சிக்கலை முழுமையாக உணர்ந்தவராகார்.

காடு சுமக்கும் அளவு

எனினும், கசப்பு ஒருபுறமிருக்க, காட்டின் துன்பமும் பொய்யன்று. குடிலுக்குக் கம்பு வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். இவை இரண்டும் அருகிலுள்ள மரங்களிலிருந்தே வந்தன. கழிப்பிடம் போதாதபோது ஆற்றங்கரையே கழிப்பிடமாயிற்று. ஞெகிழிப் பைகளும் பழந்துணிகளும் ஆற்றில் சேர்ந்தன. எஞ்சிய உணவைத் தேடி விலங்குகள் வந்தன. பழைய நாளில் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தோர் தொகையை வழியின் கடுமையே வரையறுத்தது. சாலையும் பேருந்தும் உந்தும் வந்தபின் அவ்வரம்பு அற்றுப்போயிற்று. வழக்கம் மாறவில்லை, ஆனால், வழக்கத்தைத் தாங்கிய அளவு மாறிவிட்டது. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

மேலும், இந்த ஆறு கோயிலுக்கு மட்டும் உரியதன்று. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயல்களுக்கும் குடிநீர்க்கும் உயிர்நாடி. மேலே குளிப்பவன் கழிப்பதைக் கீழே உள்ளவன் குடிக்க நேரும்.

இதனை உணர்ந்த வனத்துறை படிப்படியாக ஒழுங்குகளைக் கொண்டுவந்தது. தங்கும் நாள்கள் குறைக்கப்பட்டன. சோதனைச் சாவடியில் ஞெகிழிப் பொருள்கள் தடுக்கப்பட்டன. விழா நாள்களில் தனியார் வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு, அரசுப் பேருந்தில் மக்களை மேலே கொண்டுசெல்லும் முறையும் வந்தது. அசோகா சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அறக்கட்டளையினர் விழாவின் விளைவுகளை ஆராய்ந்ததோடு, தொண்டர்களைக் கொண்டு அடியாரிடையே விழிப்புணர்வும் ஊட்டினர். 2012இல் உச்ச நீதிமன்ற வழக்கொன்றையொட்டிப் புலிகள் காப்பகச் சுற்றுலாவுக்கு நாடு தழுவிய நெறிமுறைகள் வெளியாயின. காப்பகத்தின் உட்பகுதியில் புதிய சுற்றுலா வசதிகள் எழுப்பலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

இவ்வொழுங்குகள் எல்லாம் முறையானவையே. ஆயினும், தடை ஒன்றே மருந்தாகாது. விறகு கூடாது எனின், சமைக்க வேறு வழி என்ன? ஆற்றங்கரை கூடாது எனின், கழிப்பிடம் எங்கே? இவற்றுக்கு விடை தராத விதி, மீறுவதற்கென்றே எழுதப்பட்ட விதியாகிவிடும். வசதியும் வரையறையும் ஒருசேர வரவேண்டும்.

யார் தங்கலாம்?

இங்கு மற்றொரு வினாவும் எழுகின்றது. அதே மலையில், மாஞ்சோலையில், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தொழிலாளர் வாழ்ந்தனர். குத்தகை 2028இல் முடியவிருக்க, 2024இல் நிறுவனம் வெளியேற முற்பட்டபோது, அவர்கள் பிறந்து வளர்ந்த வீட்டையே இழக்கும் நிலைக்கு ஆளாயினர். வழக்கு நீதிமன்றம் சென்றது. பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய மலேசியத் தமிழர்க்கு இத்துயரம் நன்கு விளங்கும். காட்டைக் காத்தல் நன்றே. ஆனால், அதன் விலையை வறியோர் மட்டுமே செலுத்துவது நீதியாகாது. பணம் படைத்தோரின் உல்லாச விடுதிக்கு ஓர் அளவும், ஏழையின் ஓலைக்குடிலுக்கு வேறோர் அளவும் வைத்தால், மக்கள் அந்தப் பாதுகாப்பைத் தமதெனக் கருதார். மக்கள் தமதெனக் கருதாத காட்டை எந்தக் காவலராலும் காக்க இயலாது.

முத்துப்பட்டன் கதையின் சாரமும் இதுவே. அவன் அக்காட்டுக்குப் புதியவனாய் வந்தான். அங்கே உறவு கொண்டான். உறவு கொண்டதனால் காவல் பூண்டான். தங்கியவன் காவலனானான் என்பதே அவனைத் தெய்வமாக்கிற்று. அவனை வழிபடச் செல்வோர்க்கு இதைவிடச் சிறந்த விதி வேறு எது?

பெலும் வனமாயினும் புக்கிட் மேரா ஏரிக்கரையாயினும் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் புறப்படுமுன் கேட்டறிய வேண்டியவை சிலவே: எத்தனை பேர், எத்தனை நாள், எந்த நீர், எந்த நெருப்பு, திரும்புகையில் எடுத்துவர வேண்டிய குப்பை எவ்வளவு, அதைச் சரிபார்ப்பவர் யார். இவ்வினாக்களுக்கு மாணவரே விடை எழுதட்டும். கூடாரம் எழுந்த இடத்தில் மறுநாள் புல் நிமிர்ந்து நிற்குமாயின், அவர்கள் கற்றது வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.