தொடக்கப் பதிவும் உரிமைப் பிரச்சினையும்: வன்தட்டின் முதற் கூறு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தனியாட் கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் கொள்ளளவையும் கொண்டே காலகட்டங்களை வகுப்பர். ஆயின், வன்தட்டின் முதல் 512 பைற்றுகளை எழுதும் உரிமை யாருக்குரியது என்ற வினாவும் அவ்வரலாறு நெடுகத் தொடர்ந்து வந்துள்ளது. பணிசெயல் முறைமையொன்றை நிறுவும் செய்நிரல் அம்முதற் கூற்றினை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பதில் தொழினுட்பத்தோடு உடைமையும் அதிகாரமும் பிணைந்துள்ளன என்பது எமது கருத்தாகும்.

1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைற்று வன்தட்டுடன் கூடிய எக்ஸ்.ரி. கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த டொஸ் 2.0 முறைமையே தலைமைத் தொடக்கப் பதிவினை அறிமுகஞ் செய்தது. இதன் 512 பைற்றுகளில் 446 வரை தொடக்கச் செய்நிரலுக்கும், 64 பிரிவு அட்டவணைக்கும், இறுதி 2 அடையாளக் குறிக்கும் உரியன. அட்டவணையில் தலா 16 பைற்றுகளையுடைய நான்கு பதிவுகள் உள்ளன. கணினி இயங்கத் தொடங்கியதும் அதன் நிலைபொருள் இக்கூற்றினை நினைவகத்திலேற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும்.

இவ்வமைப்பில் உள்ளார்ந்த முரண்பாடொன்று இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. ஒரே தட்டிற் பல முறைமைகள் வாழ்வதற்கு அட்டவணை இடமளித்தது. ஆனால் முதலில் இயங்கும் செய்நிரல் ஒன்றாகவே இருக்க முடியும். 1990களில் லினக்ஸ் பரவியபோது இம்முரண்பாடு கூர்மையடைந்தது. விண்டோஸை நிறுவும் செய்நிரல், முன்னிருந்த தொடக்கச் செய்நிரலைப் பயனரிடம் வினவாமலே மாற்றியெழுதியது. லினக்ஸின் கோப்புகள் தத்தம் பிரிவில் அழியாதிருந்தன. அவற்றை அடையும் வழி மட்டுமே அடைபட்டது. தொழினுட்பம் அறியாப் பயனருக்கோ இரண்டும் ஒன்றே. மறுபுறம், 1995இல் எரிக் போலின் தொடங்கிய 'கிரப்' போன்ற துவக்கிகள் பல முறைமைகளையும் பட்டியலிட்டுத் தெரிவைப் பயனரிடம் விட்டன. எனினும் லினக்ஸ் தரப்பினரைக் குறையற்றவர் எனக் கொள்ளுதல் வரலாற்று நேர்மையாகாது. வேறொரு தட்டில் நிறுவும்போதும் முதற் தட்டிலேயே துவக்கியை எழுதிய லினக்ஸ் நிறுவிகளும் இருந்தன.

இப்பிரச்சினையின் பொருளியல் அடித்தளத்தை 'பீ' நிறுவனத்தின் அனுபவம் தெளிவாக்குகின்றது. ஹிற்றாச்சி நிறுவனம் விண்டோஸுடன் 'பீஓஎஸ்' முறைமையையும் தன் கணினிகளில் உள்ளடக்கி விற்றது. ஆயினும் தொடக்கத்தில் அதனைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு வாங்குவோருக்குக் காட்டப்படவில்லை. மைக்ரோசொப்ட் உற்பத்தியாளருக்கு விதித்த உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணமென பீ தரப்பினர் குற்றஞ்சாட்டினர். 2002இல் வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் 2 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் இழப்பீட்டுடன், தவறு ஒப்புக்கொள்ளப்படாமலே, அது இணக்கமாக முடிந்தது. அதற்குள் பீ ஒரு நிறுவனமாக இயங்குவதை நிறுத்திவிட்டது. தட்டில் இடம்பெறுவது வேறு, தொடக்கத்தில் இடம்பெறுவது வேறு என்பதே இவ்வழக்குத் தரும் பாடம்.

இன்ரெல் நிறுவனத்தில் உருவாகி, 2005இல் அமைந்த கூட்டமைப்பொன்றின் பொறுப்பிற்கு வந்த யூஈஎப்ஐ ஏற்பாடு, மேற்கூறிய முரண்பாட்டினை ஓரளவு தளர்த்தியது. இதன்படி ஒவ்வொரு முறைமையும் பொதுப் பிரிவொன்றில் தனக்கெனக் கோப்புறையொன்றைப் பெறும்; தொடக்க வரிசை கணினியின் அழியா நினைவகத்திற் பதியப்படும். ஒருவர் இடத்தை மற்றவர் அழித்தே நுழைய வேண்டிய கட்டாயம் இவ்வாறு நீங்கிற்று. ஆனால் அதிகாரப் பிரச்சினை நீங்கவில்லை. 2024 ஓகஸ்டில் வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தலொன்று, இரட்டை முறைமைக் கணினிகளைப் பாதிக்காதென முன்னர் கூறப்பட்டிருந்தும், அத்தகைய கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்காதவாறு தடுத்தது. முன்னர் முதற் கூற்றினை எழுதுபவரிடம் இருந்த அதிகாரம், நம்பத்தக்க துவக்கி எதுவெனத் தீர்மானிப்பவரிடம் இடம்மாறியுள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து நிறுவியின் கடமைகள் சிலவற்றை வகுத்துக்கூறலாம். எழுதுமுன் அது வாசித்தல் வேண்டும். எத்தட்டில் எதனை மாற்றப்போகிறது என்பதைப் பயனருக்குத் தெளிவாகக் கூறி இசைவு பெறுதல் வேண்டும். பழைய பதிவின் பிரதியைப் பேணி, மீட்கும் வழியையும் வழங்குதல் வேண்டும். அவ்வாறு மீட்கையில் 446 பைற்றுச் செய்நிரலை மட்டுமே மீளெழுதுதல் தகும். இடைக்காலத்திற் பிரிவுகள் மாறியிருப்பின் பழைய அட்டவணை மாறிய பிரிவுகளிலுள்ளவற்றை எட்டாதாக்கிவிடக்கூடும். புதிய ஏற்பாட்டிலோ, தன் கோப்புறைக்குள் மட்டும் எழுதி, பிறர் பதிவுகளை நீக்காது, வரிசையை இசைவின்றி மாற்றாதிருத்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் தொழினுட்ப ரீதியில் அரிதன்று. கடந்த நாற்பது ஆண்டுகளில் இவை பலமுறை மீறப்பட்டமைக்குக் காரணம் அறிவின்மை அன்று. கணினியை விலைகொடுத்து வாங்கியவரே அதன் முதற் கூற்றிற்கும் உரியவர் என்பதை ஏற்கும் மனமின்மையே ஆகும்.