காசநோய் வகுப்பில் பிறந்த குரூப் தெரபி

குரூப் தெரபி பற்றிப் பேசினாலே ஒரு கேள்வி வரும்: "தனியா கவுன்சலரைப் பார்க்கக் காசு இல்லாதவங்களுக்கா அது?" அதோட ஆரம்பம் என்னவோ அப்படித்தான். அதனாலதான் எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

வருஷம் 1905. வியன்னாவில் ஃப்ராய்டு, ஒவ்வொரு நோயாளியையும் தனியாகச் சோஃபாவில் படுக்க வைத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்று ஒரு டாக்டர். மனநல மருத்துவர் இல்லை, பொது மருத்துவர். அவரிடம் வந்தவர்கள் காசநோய் பிடித்த ஏழைகள்.

அப்போ டிபிக்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் கிட்டத்தட்ட 40 வருஷம் இருக்கு. ஓய்வு, சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். வசதி உள்ளவர்கள் சானடோரியத்துக்குப் போனார்கள். (தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பேரு ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி இடம்தான்.) மற்றவர்கள் நெருக்கடியான வீட்டில் இருமிக்கொண்டே கிடந்தார்கள். டிபின்னா ஊரே ஒதுங்கிப்போன காலம் வேற.

பிராட் அந்த வைத்தியத்தை வீட்டுக்கே கொண்டுபோனார். இமானுவேல் சர்ச் பணம் கொடுத்தது. நோயாளி மொட்டை மாடியிலோ, கொல்லையில் கூடாரம் போட்டோ படுக்க வேண்டும். பாஸ்டன் குளிர்ல, யோசிச்சுப் பாருங்க! காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருநாள் எல்லாரும் கூட வேண்டும். ஒரு வகுப்புக்குச் சுமார் 25 பேர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை, அதனால் வகுப்பு.

ஆனா அங்கே வேற ஒண்ணு நடந்தது. எடை கூடினவரைப் பார்த்து, புதிதாக வந்தவருக்கு நம்பிக்கை வந்தது. வெவ்வேறு மதம், வெவ்வேறு பூர்வீகம், ஆனால் ஒரே நோய். அந்த ஒரே நோய்தான் அவர்களைச் சிநேகிதர்களாக்கியது என்று பிராட்டே கவனித்து எழுதினார்.

1930-இல் அவர் பாஸ்டன் டிஸ்பென்சரியில் இன்னொரு வகுப்பு தொடங்கினார். இந்தத் தடவை காசநோய்க்காக இல்லை. உடம்பில் வலி நிஜம், ஆனால் டெஸ்ட்டில் ஒன்றும் தெரியவில்லை, அப்படிப்பட்டவர்களுக்காக. நேரம் மிச்சம் பிடிக்க வந்த ஏற்பாடு மனசுக்கான வைத்தியமாக மாறியது இங்கேதான்.

'எனக்கு மட்டும் இல்லை' என்ற அந்த உணர்வை, 1970-இல் வந்த தன் புத்தகத்தில் இர்வின் யாலொம் குணமாக்கும் காரணிகளில் ஒன்றாகவே சேர்த்தார். எவ்வளவு நல்ல தெரபிஸ்ட்டா இருந்தாலும், நம்மளோட அதே பள்ளத்துல விழுந்தவரா இருப்பார்னு சொல்ல முடியாது. அதேசமயம், சில விஷயங்களை முதல் தடவை மூடின அறையில், ஒரே ஒருத்தர்கிட்டதான் சொல்ல முடியும். பிராட்டும் வகுப்பை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. நடுவில் ஒருவர் நோயாளியின் வீட்டுக்கே போய் விசாரித்துவிட்டு வருவார்.